விலை குறைந்த டெம்பரேச்சர் கன்: சுற்றுகிற ஷாஃப்டுக்கு வாங்கலாமா?

பக்கத்து மில் ஃபிட்டர் ஒருவர், "டெம்பரேச்சர் கன் விலை இறங்கியிருக்கே, வாங்கட்டுமாண்ணே?" என்று கேட்டார். அவருக்குச் சொன்னதையே இங்கேயும் எழுதுகிறேன். சிவப்புப் புள்ளி விழுகிற சாதாரண கன்தான், 12:1 ரகம், அதாவது 12 அங்குலத் தூரத்தில் ஒரு அங்குல வட்டத்தின் சூட்டைப் பார்க்கும். கோவைப் பக்கம் நூற்பாலை மெயின்டனன்ஸில் சில வருடமாக என் கையில் இருக்கிறது.

பேரிங் ஹவுசிங், மோட்டார் பாடி என்று பெயின்ட் அடித்த எதைக் காட்டினாலும் அருமையாகச் சொல்லும். ஓடுகிற மெஷினில் கை வைக்காமல் சூடு பார்ப்பது எவ்வளவு பெரிய நிம்மதி என்று நைட் ஷிஃப்டில் ரவுண்டு போகிறவர்களுக்குத் தெரியும்.

எரிச்சல் பளபள ஷாஃப்டில்தான். பிளான்ட் ஃபேன் ஷாஃப்டில் கன் 41 டிகிரி காட்டுகிறது, அதே ஷாஃப்டில் கறுப்பு பெயின்ட் அடித்த இடத்தில் 70! பளபளப்பான இரும்பு தன் சூட்டைக் கதிராக வெளியே விடுவது ரொம்பக் குறைவு, அதைச் சொல்கிற எண்ணான எமிசிவிட்டி (முழுசாக விட்டால் 1) 0.1, 0.2 என்றுதான் இருக்கும், மீதிக்கு எதிரே இருக்கிற சுவரின் கதிரைத்தான் திருப்பி அனுப்பும். கன்னோ 0.95 என்று நிலையாக வைத்துக் கணக்குப் போடுகிறது, மாற்ற வழியே இல்லை. அதிகமாகக் காட்டித் தொலைத்தாலும் பரவாயில்லை, நிறுத்திப் பார்ப்போம். குறைத்துக் காட்டினால் பேரிங் இறுகிப் பிடித்துக்கொள்கிற வரை ஓட்டிக்கொண்டே இருப்போம். அட்டையில் துல்லியத்தைப் பெரிதாகப் போடுகிறவர்கள் இந்த 0.95-ஐ மட்டும் உள்ளே பொடி எழுத்தில் போடுவது நியாயமே இல்லை.

சரி, வழி என்ன? மெஷினை நிறுத்தி, ஷாஃப்டைத் துடைத்து, மேட் கறுப்பு பெயின்டைச் சுற்றிலும் பட்டையாக அடிக்க வேண்டும். ஒரு பொட்டு வைத்தால் போதாது. 1440 ஆர்பிஎம் என்றால் நொடிக்கு 24 சுற்று, கன் ஒரு அளவு எடுக்க அரை நொடி, அதற்குள் 12 தடவை பொட்டும் பளபளப்பும் மாறி மாறி வந்து, நடுவாக ஏதோ ஒரு எண் வரும். டேப் ஒட்டவே ஒட்டாதீர்கள், வேகத்தில் பிய்த்துக்கொண்டு பறக்கும். அப்புறம் பட்டையின் அகலம்: ஒரு அடி தூரத்தில் கன் பார்ப்பது ஒரு அங்குல வட்டம், பட்டை அதைவிட அகலமாக இருக்கட்டும். நூல் நூற்கிற ரிங் ஃபிரேமில் வளையத்தைச் சுற்றி ஓடுகிற குட்டிக் கொக்கியான டிராவலரில் முயற்சியே வேண்டாம், அவ்வளவு சின்னப் பொருள் அந்த வட்டத்தில் காணாமல் போய்விடும்.

இத்தனை வருடம் உழைத்த கன்தான், ஆனாலும் அந்த ஃபிட்டரிடம், "இதை வாங்காதீர்கள்" என்றுதான் சொன்னேன். கூடக் கொடுத்தாவது எமிசிவிட்டி மாற்றுகிற ரகத்தை வாங்குங்கள். ஆனால் பளபள ஷாஃப்ட் சுவரின் கதிரைத் திருப்பி அனுப்புவது அதிலும் கலக்கும், அதனால் பெயின்ட் பட்டை அதற்கும் வேண்டும்.