ஆர்டிஎக்ஸ் 3060: இரண்டு வருடம் ஓட்டிய பிறகு, போட்ட காசு திரும்பியதா?

2024 ஜனவரியில் என் பழைய ஜிடிஎக்ஸ் 1060-ஐக் கழற்றிவிட்டு ஆர்டிஎக்ஸ் 3060 12ஜிபி கிராபிக்ஸ் கார்டைப் போட்டேன். அந்த வாரமே எழுதியிருந்தால் புகழ்ந்து தள்ளியிருப்பேன். இரண்டு வருடம் தினமும் வேலை வாங்கிப் பார்த்த பிறகு, "இப்போ கார்டு மாத்தலாமா?" என்று கேட்பவர்களுக்குச் சொல்ல விஷயம் சேர்ந்திருக்கிறது.

கோவையில் மாடுலர் கிச்சன், வார்ட்ரோப் செய்து தருபவர்களுக்கு பிளெண்டர் என்ற 3டி மென்பொருளில் 3டி வியூ போட்டுக் கொடுப்பது என் தொழில். வேலை முடிந்தால் இரவில் கொஞ்ச நேரம் கேம். 2018-இல் அசெம்பிள் செய்த சிஸ்டம்: ரைசன் 5 2600 ப்ராசஸர், பி450 மதர்போர்டு, 16ஜிபி ராம், 450 வாட் எஸ்எம்பிஎஸ் (சிஸ்டத்துக்குக் கரண்ட் தரும் பெட்டி), 60 ஹெர்ட்ஸ் 1080பி மானிட்டர். 1060-ஐக் குறை சொல்ல மனசு வராது. 2016-இல் வந்த அந்தக் கார்டு, 120 வாட்டில், ஐந்து வருடத்துக்கு மேல் எனக்குச் சோறு போட்டது.

கார்டு மாற்ற வேண்டும் என்ற எண்ணம் வந்ததும் கடைக்கு ஓடவில்லை. ஒரு வாரம் மேஜையில் நோட்டு வைத்து, சிஸ்டம் முன்னால் சும்மா உட்கார்ந்திருந்த நிமிடங்களை எல்லாம் எழுதினேன். எதற்காகக் காத்திருக்கிறேன் என்பதையும் பக்கத்திலேயே குறித்தேன். இந்த இரண்டு வருடத்தில் நான் செய்த மிகப் பயனுள்ள காரியம் இதுதான். ரெண்டருக்காக (3டி சீனைக் கணக்கிட்டுப் படமாக்கும் வேலை) ஒரு நாளைக்குச் சராசரியாக இரண்டே கால் மணி நேரம் போயிருந்தது. ஆனால் ஃபைல் திறப்பதற்கும் டெக்ஸ்சர் (பொருள்களின் மேல் ஒட்டும் படம்) ஏறுவதற்கும் மட்டும் முக்கால் மணி நேரம் போயிருந்தது. அதற்கும் கிராபிக்ஸ் கார்டுக்கும் சம்பந்தமே இல்லை. என் ப்ராஜெக்ட் எல்லாம் பழைய ஹார்ட் டிஸ்க்கில் கிடந்தது. மூவாயிரம் ரூபாய்க்கு ஒரு எஸ்எஸ்டி போட்டதும் அந்த முக்கால் மணி நேரம் பத்து நிமிடமாகச் சுருங்கியது. கார்டு வாங்குவதற்கு முன்பே பாதிச் சலிப்பு போய்விட்டது.

மீதியிருந்த ரெண்டர் காத்திருப்பு கார்டால்தான் வந்தது. அதிலும் வேகத்தைவிட மெமரிதான் என்னை அதிகம் வதைத்தது. ஜன்னலில் திரைச்சீலை, ஓரத்தில் இரண்டு செடி, தரைக்கு 4கே மார்பிள் டெக்ஸ்சர் வைத்தால் 1060-இன் 6ஜிபி மெமரி நிறைந்துவிடும். "சிஸ்டம் இஸ் அவுட் ஆஃப் ஜிபியு மெமரி" என்று சிவப்பில் ஒரு வரி வந்து ரெண்டர் நின்றுவிடும். உடனே செடியை எடு, டெக்ஸ்சரைக் குறை என்று சீனை ஒட்ட வெட்ட வேண்டும். நேரமும் போகும், படத்தின் அழகும் போகும்.

கடைசியில் என் முன்னால் இருந்தவை இரண்டு. ஒன்று, அப்போது புதிதாக வந்திருந்த ஆர்டிஎக்ஸ் 4060. இன்னொன்று, 2021-இல் வந்த 3060. கேமுக்கு 4060 வேகமானது. 115 வாட்தான் எடுக்கும் என்பதால் பழைய எஸ்எம்பிஎஸ்ஸே போதும். ஆனால் அதில் 8ஜிபி மெமரிதான். போர்டோடு பேசும் பிசிஐஇ இணைப்பும் எட்டு லேன்தான் (டேட்டா ஓடும் பாதைகள்). புதிய போர்டில் அது பெரிய குறையில்லை. என் பி450 போர்டோ பிசிஐஇ 3.0, பழைய, வேகம் குறைந்த தலைமுறை. மெமரி நிறைந்து டேட்டா ராமுக்கும் கார்டுக்கும் ஓட ஆரம்பித்தால் அந்த எட்டு லேன் திணறும். 3060 தலைமுறை பழையது, 170 வாட் குடிக்கும், ஆனால் 12ஜிபி மெமரியும் பதினாறு லேனும் உண்டு. விலை குறைவான ஏஎம்டி கார்டான ஆர்எக்ஸ் 6600-ஐயும் யோசித்தேன். கேம் மட்டும் என்றால் அதையே வாங்கியிருப்பேன். பிளெண்டரில் ரெண்டர் செய்யும் சைக்கிள்ஸ் பகுதியில், என்விடியா கார்டுகளுக்கான ஆப்டிக்ஸ் மென்பொருள் கொடுக்கும் வேகம் ஏஎம்டி பக்கம் கிடைக்காது என்பதால் விட்டேன்.

3060 கார்டின் 26,500 ரூபாய்தான் மொத்தச் செலவு என்று நினைத்துத்தான் இறங்கினேன். 650 வாட் எஸ்எம்பிஎஸ் 5,400. கார்டு நீளம் என்பதால் கேபினட்டுக்குள் ஹார்ட் டிஸ்க் மாட்டும் கூண்டைக் கழற்ற வேண்டியிருந்தது. அதற்குக் காசு இல்லை, ஒரு மணி நேர வேலை மட்டும். யுபிஎஸ் பற்றி நான் யோசிக்கவே இல்லை. என்னிடம் இருந்தது 600 விஏ, அதாவது 360 வாட். மூன்றாவது வாரம் ஆறு படங்களை வரிசையில் போட்டு ரெண்டர் ஓடிக்கொண்டிருந்தபோது கரண்ட் போனது. யுபிஎஸ் விட்டுவிட்டு அடிக்க வேண்டிய பீப்பை ஒரே நீளமாக அடித்து அப்படியே அணைந்தது. ப்ராசஸர், கார்டு, மானிட்டர் மூன்றும் முழு லோடில் இருந்தால் அந்தச் சின்னப் பெட்டி தாங்காது. 1100 விஏ யுபிஎஸ் 5,800. ஆக, கார்டு மாற்றிய செலவு 37,700. கார்டின் விலையை மட்டும் வைத்துக் கணக்குப் போடுகிறவர்களுக்காகத்தான் இதை இவ்வளவு விவரமாகச் சொல்கிறேன்.

பலனுக்கு வருகிறேன். 1060-இல் 31 நிமிடம் எடுத்த ஒரு கிச்சன் வியூ, அதே செட்டிங்கில் 6 நிமிடத்தில் முடிந்தது. ஆர்டிஎக்ஸ் கார்டில் ஒளிக்கதிர்களைக் கணக்கிடத் தனி ஆர்டி கோர்கள் உண்டு, ஆப்டிக்ஸ் அதை நேராகப் பயன்படுத்துகிறது. இவ்வளவு பெரிய வித்தியாசத்துக்கு அதுவும் ஒரு முக்கியக் காரணம். என் சீன்கள் இப்போது சாதாரணமாக 8.5 முதல் 9.5ஜிபி வரை எடுக்கின்றன. 4060 வாங்கியிருந்தால் அந்தச் சிவப்பு வரி இன்றைக்கும் வந்துகொண்டிருக்கும்.

ஆனால் நான் எதிர்பார்க்காத பலன் வியூபோர்ட்டில், அதாவது சீனை மாற்றிக்கொண்டே பார்க்கும் திரையில், இருந்தது. முன்பு ரெண்டர்டு மோடுக்குப் போனால் திரை முழுக்கப் புள்ளி புள்ளியாக இருக்கும், தெளிவதற்குள் கிளையன்ட் டீ குடித்து முடித்துவிடுவார். போன வருடம் சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு வீட்டு வேலை. அந்த வீட்டு அம்மா மகனோடு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். திரையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ஏனுங்க தம்பி, அடுப்புகிட்ட இப்படி இருட்டாவே இருக்குமுங்களா?" என்று கேட்டார். சிங்க்குக்கு மேலே இருந்த ஜன்னலை இரண்டடி அடுப்புப் பக்கம் நகர்த்தினேன். இரண்டு மூன்று விநாடியில் கிரானைட் மேடை மேல் வெயில் விழுந்தது. அந்த அம்மா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, "இப்படியே வச்சிருங்க" என்றார். லேமினேட் நிறம், ஹேண்டில், லைட் எல்லாம் அன்றைக்கு ஒரே உட்காரலில் முடிவானது. முன்பெல்லாம் அதற்கு வாட்ஸ்அப்பில் நான்கு நாள் இழுக்கும். போட்ட காசு எனக்கு இந்த வழியில்தான் திரும்பியது, ஏறக்குறைய ஏழு மாதத்தில்.

கேம் விஷயத்தில் கதை வேறு. சைபர்பங்க் 2077-ஐ ஆசையாகப் போட்டால், கூட்டமான தெருக்களில் விநாடிக்கு ஃபிரேம் (திரையில் மாறும் படம்) 45-க்கு இறங்கி வெட்டி வெட்டி ஓடியது. அந்த நேரம் கார்டின் பயன்பாடு 60 சதவீதம்தான் காட்டியது. 2600 ப்ராசஸரால் வேலையைத் தள்ளிக் கொடுக்க முடியாமல் கார்டு காத்திருந்தது. கார்டு வாங்கிய வருடம் ஜூன் மாதமே ரைசன் 5 5600-ஐ 10,800-க்கு வாங்கி, பயாஸ் அப்டேட் செய்து அதே போர்டில் மாட்டினேன். அதன் பிறகுதான் 60-க்குக் கீழே இறங்காமல் ஓடியது. கேம் மட்டுமே காரணம் என்றால் நான் முதலில் ப்ராசஸரை வாங்கியிருக்க வேண்டும். உங்கள் கேமில் கார்டின் பயன்பாடு 95 சதவீதத்துக்கு மேலே நின்றால் கார்டுதான் தடை. எண்பதுக்குக் கீழே ஊசலாடி, ஃபிரேமுக்கு லிமிட் எதுவும் வைக்காமலும் இருந்தால், புதுக் கார்டு பெரிதாக எதையும் மாற்றாது.

சூட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். சித்திரை வெயிலில் நீண்ட ரெண்டர் ஓடினால் அறையே புழுங்கும். ஆஃப்டர்பர்னர் மென்பொருளில் கார்டின் பவர் லிமிட்டை 80 சதவீதமாக்கிவிட்டேன். 6 நிமிட ரெண்டர் 25 விநாடிதான் கூடியது. வெப்பம் 74 டிகிரியிலிருந்து 67-க்கு வந்தது, ஃபேன் சத்தம் பாதியானது. இதை முதல் நாளே எல்லோரும் செய்துவிடலாம்.

1060 வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. அந்தத் தலைமுறைக்குப் புது கேம் டிரைவர் தருவதை என்விடியா 2025 அக்டோபரோடு நிறுத்திவிட்டது, இனி பாதுகாப்பு அப்டேட் மட்டும்தான். 2024 டிசம்பரில் வந்த இண்டியானா ஜோன்ஸ் கேம் ரே டிரேசிங் வசதி (ஒளிக்கதிர்களைக் கணக்கிடும் ஆர்டி கோர் போன்ற வன்பொருள்) இல்லாத 1060 போன்ற கார்டில் ஓடவே ஓடாது. புது கேம்களை ஆட வேண்டும் என்பவர்கள் மாறித்தான் ஆக வேண்டும்.

என் பழைய 1060 இப்போது அக்கா மகனிடம் இருக்கிறது. போன மாதம் போன் செய்து, "மாமா, 5060 வாங்கட்டுமா?" என்று கேட்டான். அவன் ஆடுவது வேலோரன்ட் மட்டும். நேரில் போய்ப் பார்த்தேன். கார்டு விநாடிக்கு 150 ஃபிரேமுக்குக் குறையாமல் தருகிறது. முன்னால் இருப்பதோ விநாடிக்கு 60 ஃபிரேம் மட்டும் காட்டும் 60 ஹெர்ட்ஸ் மானிட்டர், மீதி ஃபிரேம் எதுவும் அவன் கண்ணுக்கே வருவதில்லை. கார்டு ஆசையைத் தள்ளிவைக்கச் சொல்லி 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் ஒன்றைப் பார்த்துக் கொடுத்தேன். இரண்டு நாள் கழித்துக் கூப்பிட்டு, "கார்டு வேணாம் மாமா" என்றான்.