அப்போலோ 11 பேட்ச்: பழைய லயனா, புதிய ஏ-பி எம்ப்ளமா?

மனிதர் முதலில் நிலவில் இறங்கிய அப்போலோ 11 பயணத்தின் துணிச் சின்னம்தான் இந்த பேட்ச். எதை எடுத்தாலும் கழுகும் ஆலிவ் கிளையும் உள்ள அதே வட்டம்தான். ஆனால் சந்தையில் மூன்று விதமாகக் கிடைக்கிறது: நிலாப் பயண காலத்தில் லயன் பிரதர்ஸ் நிறுவனம் தைத்தது, ஏ-பி எம்ப்ளம் நிறுவனம் இன்றும் தைத்து விற்பது, வீரர்களின் விண்வெளி உடையில் இருந்த பீட்டா துணி.

பீட்டா வேறு சங்கதி. 1967 ஜனவரியில் அப்போலோ 1 தீயில் மூவர் இறந்தபின், உடையில் எளிதில் எரியாத கண்ணாடியிழைத் துணிக்கு மாறினார்கள். அதில் படம் அச்சுதான், தையல் கிடையாது. மடித்தால் இழை ஒடியும். பறந்து வந்ததற்கான சான்றோடு கிடைத்தால் விலை எட்டாத உயரம்.

சட்டையிலோ பையிலோ தைக்க ஏ-பி எம்ப்ளம் போதும். மலிவு, எப்போதும் கிடைக்கும். அதனாலேயே மறுவிற்பனையில் விலை ஏறாது.

சேகரிக்க வேண்டுமென்றால் என் வாக்கு லயனுக்கே. அதன் மதிப்பு முகப்பில் இல்லை, முதுகில் இருக்கிறது. விற்கும்போது கேட்கப்படும் முதல் படமும் அதுதான். சிலவற்றின் பின்புறம் நிறுவனத்தின் பெயர் இருக்கும். இல்லாததால் மட்டும் போலி என்று ஒதுக்க வேண்டாம். புதியவற்றில் பெரும்பாலும் பளபளப்பான பிளாஸ்டிக் படலம் இருக்கும், சூடு காட்டினால் ஒட்டிக்கொள்ளும் வகை. பழையதை யாராவது துணியில் இஸ்திரி போட்டு ஒட்டியிருந்தாலோ, பசை தடவி ஆல்பத்தில் பதித்திருந்தாலோ, பின்புற அடையாளம் போய்விடும். விலையும் கூடவே சரியும்.

இருட்டில் புற ஊதா டார்ச் அடித்துப் பாருங்கள். நூல் நீலவெள்ளையாக ஒளிர்ந்தால் பிற்காலத் தயாரிப்பாக இருக்க வாய்ப்புண்டு. ஆனால் சலவைத்தூளில் துவைத்த பழைய பேட்ச்சும் ஒளிரும். ஆகவே இந்தச் சோதனையை மட்டும் நம்பித் தீர்ப்புச் சொல்ல நான் தயாரில்லை. ஓரத் தையல், நூலின் மங்கல், பின்புறம் மூன்றையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

'1961 மெர்க்குரி பேட்ச்' என்று வந்தால் உடனே விலகுங்கள். மெர்க்குரி என்பது மனிதரை விண்வெளிக்கு அனுப்பிய அமெரிக்காவின் முதல் திட்டம். அந்தப் பயணங்களுக்கு வீரர்கள் அணிந்த பேட்ச்சே கிடையாது. நாசாவில் பயணப் பேட்ச் அணியும் வழக்கம் 1965இல், அடுத்த திட்டமான ஜெமினியின் ஜெமினி 5 பயணத்தில்தான் தொடங்கியது.

சட்டமிடும்போது பசை வேண்டாம். அமிலமற்ற அட்டையில், ஓர நூலுக்குள் நான்கு இடத்தில் பருத்தி நூலால் தளர்வாகப் பிடித்தால் போதும். வெயில் படாத சுவரில் மாட்டுங்கள். விற்கும் நாளில் நூலை அறுத்துப் பின்புறத்தைக் காட்டலாம்.