நாள்பட்ட கழுத்து வலிக்கு மசாஜ்: பல வருட அனுபவம்

கழுத்திலும் வலது தோளிலும் வலியோடு பல வருடங்களை ஓட்டியவன் நான். மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தாலே நாள்பட்ட வலி என்பது மருத்துவக் கணக்கு. எலும்பில் பிரச்சினை இல்லை, நரம்பு எங்கும் அழுந்தவில்லை என்று டாக்டர் பார்த்துச் சொன்ன பிறகுதான் மசாஜ் பக்கம் போனேன். அந்த வரிசை முக்கியம். முதலில் பரிசோதனை, அப்புறம்தான் மசாஜ்.

எனக்கு மாற்றம் தந்த தெரபிஸ்ட், எடுத்தவுடன் கை வைக்கவில்லை. தலையை இரண்டு பக்கமும் திருப்பச் சொன்னார், கையை மேலே தூக்கச் சொன்னார், எந்த நேரத்தில் வலி கூடுகிறது என்று கேட்டார். பிறகு தோளின் மேல்விளிம்பில் இருக்கும் ட்ரபீசியஸ் தசையைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்து மெல்ல உருட்டிப் பார்த்தார். ஓரிடத்தில் சின்ன முடிச்சு அகப்பட்டது. அதை அமுக்கியதும் வலி எழுந்தது தோளில் அல்ல. காதுக்குப் பின்னால் ஏறி, நெற்றிப்பொட்டு வரைக்கும் போனது. நான் தினமும் மாத்திரை போட்டுக்கொண்டிருந்த அதே தலைவலி, அப்படியே! அதுவரை அதைக் கண் சம்பந்தப்பட்டது என்றுதான் எல்லோரும் சொல்லியிருந்தார்கள்.

இப்படி ஒரு தசையின் வலி வேறொரு இடத்தில் தெரிவதை விரிவாகப் பதிவு செய்தவர் ஜேனட் ட்ராவெல், அமெரிக்க அதிபர் கென்னடிக்கு மருத்துவராக இருந்தவர். வலியை இப்படி வேறிடத்துக்கு அனுப்பும் முடிச்சுகளை ட்ரிகர் பாயிண்ட் என்கிறார்கள். அந்த முடிச்சு உண்மையில் என்ன என்பதில் ஆராய்ச்சியாளர்களுக்குள் இன்னும் கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் என் தலைவலிக்கான வழி தோளில் இருந்தது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அடுத்து, அழுத்தம். வலித்தால்தான் குணமாகும் என்று பலர் நம்புகிறார்கள். இடையில் வேறொரு இடத்துக்குப் போனபோது, முழங்கையை ஊன்றி அழுத்தித் தோள்பட்டை முழுக்கக் கன்றிப்போகும்படி செய்துவிட்டார்கள். அடுத்த சில நாட்கள் கழுத்தைத் திருப்பவே முடியவில்லை. கொஞ்சம் அழுத்தம் வேண்டும், மறுநாள் லேசான நோவு இருப்பதும் சகஜம். ஆனால் மூச்சைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடிக்க வேண்டி வந்தால் அது அளவு மீறியது. உடனே சொல்லிவிடுங்கள், கூச்சப்பட வேண்டாம். 2011-ல் வெளியான ஓர் ஆய்வில், நாள்பட்ட இடுப்பு வலி உள்ள 401 பேரில் ஒரு பகுதியினருக்கு மென்மையான மசாஜும், இன்னொரு பகுதியினருக்குத் தசைகளைக் குறிவைத்துச் செய்யும் மசாஜும் பத்து வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். வழக்கமான சிகிச்சையை மட்டும் தொடர்ந்தவர்களைவிட இரண்டு தரப்பும் தேறின. இரண்டு மசாஜுக்கும் இடையே பெரிய வித்தியாசம் இல்லை.

நேரமும் இடைவெளியும் கூடப் பலனை மாற்றுகின்றன. அரை மணி நேர மசாஜில் தசை தளர ஆரம்பிக்கும்போதே நேரம் முடிந்துவிடும் என்பது என் அனுபவம். கழுத்து வலிக்காக 2014-ல் வெளியான ஓர் ஆய்விலும் வாரத்துக்கு இரண்டு மூன்று முறை ஒரு மணி நேரம் செய்தவர்களுக்கே பலன் தெரிந்தது. அரை மணி நேரக்காரர்களுக்கு அவ்வளவாக இல்லை. நானும் ஆரம்பத்தில் நெருக்கமாகப் போய்விட்டு, வலி அடங்க அடங்க இடைவெளியை நீட்டினேன்.

இத்தனைக்கும் மசாஜ் மட்டும் என்னைக் காப்பாற்றவில்லை. அது தரும் தளர்வு ஒன்றிரண்டு நாள்தான். தசையிலிருந்து நச்சு வெளியேறுகிறது என்று சில இடங்களில் சொல்வார்கள். அதற்கு ஆதாரம் இல்லை. நரம்பு மண்டலம் அமைதியாகி, உடம்பு தன் காவலைக் கொஞ்சம் தளர்த்துகிறது என்பதே பொருத்தமான விளக்கம். கழுத்து லேசாக இருக்கும் அந்த ஒன்றிரண்டு நாளில் உடற்பயிற்சி செய்ய வேண்டும். தாடையைப் பின்னுக்கு இழுப்பது, ரப்பர் பட்டையைப் பின்னோக்கி இழுப்பது, தோளைச் சுழற்றுவது. வலி இருக்கும்போது செய்யவே முடியாத அசைவுகள் அப்போது வரும். இதைச் சேர்த்துக்கொண்ட பிறகுதான் தலைவலி அரிதானது. நடுவில் இதை விட்டுவிட்டு மசாஜை மட்டும் தொடர்ந்த மாதங்களில் பழைய இறுக்கம் திரும்பி வந்தது.

மற்ற முறைகளையும் பார்த்தேன். மண்டையை மிக மெல்லத் தொட்டுச் செய்யும் க்ரேனியோசேக்ரல் எனக்கு நல்ல தூக்கம் தந்தது. கழுத்துக்கு ஒன்றும் செய்யவில்லை. வீட்டில் டென்னிஸ் பந்தைச் சுவரில் வைத்துத் தோளால் அழுத்துவது, செலவே இல்லாமல் பாதி வேலையைச் செய்கிறது.

ரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர்கள், கால் ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்திருப்பவர்கள், எலும்புத் தேய்மானம் கடுமையாக உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் போகவே கூடாது. காய்ச்சலோ தோல் தொற்றோ இருந்தால் தள்ளிப்போடுங்கள். கையில் பலம் குறைவது, மரத்துப்போவது, சிறுநீர் கட்டுப்பாடு தவறுவது, காரணமின்றி எடை குறைவது ஆகியவற்றில் எது இருந்தாலும் போக வேண்டிய இடம் ஆஸ்பத்திரி.

என் வலி முழுதாகப் போய்விடவில்லை. நீண்ட நேரம் உட்கார்ந்து வேலை செய்தால் தலைகாட்டும். ஆனால் இப்போது வண்டியைப் பின்னால் எடுக்கும்போது கழுத்தைத் திருப்பியே பார்க்கிறேன், மாத்திரை டப்பா பெரும்பாலும் மூடியே இருக்கிறது. புதிதாகப் போகிறவர்கள் பத்துப் பன்னிரண்டு அமர்வுக்கு மொத்தமாக முன்பணம் கட்டிவிடாதீர்கள். போவதற்கு முன் நாற்காலியில் நேராக உட்கார்ந்து, தலையைத் திருப்பினால் பின்னால் எதுவரை தெரிகிறது என்று குறித்து வையுங்கள். மாதத்தில் எத்தனை நாள் தலைவலி வந்தது என்பதையும் எழுதுங்கள். மூன்று நான்கு அமர்வு கழித்தும் இரண்டிலும் மாற்றம் இல்லையென்றால் தெரபிஸ்டையோ முறையையோ மாற்றிப் பாருங்கள்.