இன்வர்ட்டர் வெல்டிங் மெஷின்: நான்கு வருடத்துக்குப் பிறகு

போன வாரம்தான் மெஷின் தஞ்சாவூரில் ரிப்பேர் முடிந்து வந்தது. அன்று சாயங்காலமே மச்சினன் போன் செய்தான். "அத்தான், உங்க மெஷின் இப்ப ஆயிரத்து ஐநூறு ரூபாய் குறைஞ்சிருக்கு. வாங்கட்டுமா?" அப்போது எனக்கு இருந்த எரிச்சலில் ஒழுங்கான பதில் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

200 ஆம்பியர், சிங்கிள் பேஸ், ஐ.ஜி.பி.டி. (எலெக்ட்ரானிக் சுவிட்ச் வைத்த) மெஷின். கடையில் போய் நின்றால் எல்லாக் கம்பெனிக்கும் ஒரே மாதிரி பெட்டிதான், அதனால் அந்த விவரம் போதும். 2021 பிப்ரவரியில் வாங்கினேன். நீடாமங்கலம் பக்கம் கிராமம். 2018 நவம்பரில் கஜா புயல் மாட்டுக்கொட்டகைக் கூரையைத் தூக்கிக்கொண்டு போனபோது மாடுகளை விற்றுவிட்டோம். தகரம் போட்டு அதையே பட்டறையாக்கிக்கொண்டேன். ஒரு மூலையில் வெல்டிங், இன்னொரு மூலையில் சின்னதாக ஓர் உலை. அதற்கு முன்னால் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் ஏழு வருடம் ஃபிட்டர். ஆகவே நல்ல மெஷின் எப்படி இருக்கும் என்று தெரியாமல் பேசவில்லை.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கோபத்தில் மறந்துவிடும். காயில் செட் என்கிற பழைய டிரான்ஸ்பார்மர் வெல்டிங் பெட்டியை நகர்த்த இரண்டு ஆள் வேண்டும். இது ஆறு கிலோ. ஸ்கூட்டரில் கால் வைக்கிற இடத்தில் வைத்துக்கொண்டு வயலுக்கே போய்விடலாம். வெல்டிங் ராடை இரும்பில் தொட்டதும் பற்றிக்கொள்கிறது. ஒட்டிக்கொண்டாலும் கரண்டைத் தானே குறைத்துக்கொள்வதால் லேசாக ஆட்டினால் கழன்று வந்துவிடும். முன்பெல்லாம் நான் வெல்டிங் வைத்தால் வீட்டில் டிவி விட்டுவிட்டு எரியும், மனைவி உள்ளிருந்து கத்துவாள். இப்போது அது இல்லை. டிராக்டர் கேஜ் வீல் (சேற்றில் உழ மாட்டுகிற இரும்புச் சக்கரம்), கொட்டகைக் கதவு, மோட்டார் ஸ்டாண்டு எல்லாம் இதிலேயே செய்தாயிற்று.

சரி, இனி அந்த எண்ணுக்கு வருகிறேன்.

மெஷின் முகப்பில் சிவப்பு எழுத்தில் ஆம்பியர் காட்டும். குமிழைத் திருகினால் எண் ஏறும், இறங்கும். ராடு எரிந்துகொண்டிருக்கும்போது பாருங்கள், எண் அசையாது. லைனில் வோல்டேஜ் விழுந்தாலும் அசையாது. ஏனென்றால் அது கரண்டை அளக்கிற எண்ணே இல்லை. குமிழ் எங்கே நிற்கிறது என்று மட்டும்தான் சொல்கிறது. நீங்கள் கேட்டது 120 என்று உங்களுக்கே திருப்பிச் சொல்கிறது, கொடுத்தது எவ்வளவு என்று சொல்வதில்லை. இது தெரிய எனக்கு மூன்று வருடம் ஆனது.

2024-ல் மேட்டூர் அணையை வழக்கமான ஜூன் 12-ல் திறக்கவில்லை. ஜூலை 28-ல்தான் திறந்தார்கள். போர்வெல் வைத்திருந்தவர்கள் எல்லாம் மோட்டாரை நம்பிக் குறுவை நட்டார்கள். எங்கள் டிரான்ஸ்பார்மரில் மட்டும் எத்தனை மோட்டார் ஓடியது என்று எண்ணிப் பார்க்கவில்லை. சாயங்காலம் வீட்டில் ஃபேன் சுற்றுகிற அழகைப் பார்த்தாலே தெரிந்துவிடும். அந்தச் சமயத்தில் பக்கத்துத் தெருக்காரர் ஒருவர் கேஜ் வீலைக் கொண்டுவந்தார், அதில் ஆங்கிள் இரும்பு இரண்டு விட்டிருந்தது. பத்து கேஜ் ராடு (கேஜ் எண் ஏற ஏற ராடு மெலிசு) போட்டு, எண்ணை 120-ல் வைத்து, ஆற அமரத்தான் வைத்துக் கொடுத்தேன். மேலே பார்க்க வரிசை நன்றாகவே இருந்தது. இரண்டாம் நாள் சேற்றில் பாதி உழவில் பிய்த்துக்கொண்டது. உடைந்த இடத்தைப் பார்த்தால் வெல்டிங் இரும்புக்குள் இறங்கவே இல்லை, மேலே வழிந்து உட்கார்ந்திருக்கிறது, அடியில் கசடு. மனிதர் திட்டவில்லை. "சிங்கப்பூர் வேலைன்னு நெனச்சேன்" என்று மட்டும் சொன்னார். திட்டியிருக்கலாம்.

அப்புறம்தான் கிளாம்ப் மீட்டர் வாங்கினேன், கேபிளைச் சுற்றிக் கவ்வி உள்ளே ஓடுகிற கரண்டை அளக்கிற கருவி. முதலில் வாங்கியது வீண். வெல்டிங் கேபிளில் மாட்டினால் பூஜ்யம் காட்டியது. இந்த மெஷினிலிருந்து வருவது டிசி, ஒரே திசையில் ஓடுகிற கரண்ட்; சாதாரண கிளாம்ப் மீட்டர் வீட்டு லைனில் வருகிற ஏசி மட்டும்தான் படிக்கும். டிசி படிக்கிற மீட்டர் வாங்க இன்னும் இரண்டாயிரம் போனது. எண் 120-ல் இருக்கும்போது பகலில், லைன் 215 வோல்ட், கேபிளில் ஓடியது 98-க்குப் பக்கம். சாயங்காலம் கொட்டகையில் 165 வோல்ட், ஓடியது 71. பத்து கேஜ் ராடுக்கு 90-க்கு மேல் வேண்டும். 71 என்பது பன்னிரண்டு கேஜுக்கு உரிய கரண்ட். சிவப்பு எழுத்து மட்டும் இரண்டு வேளையும் 120-ல் சிரித்துக்கொண்டிருந்தது.

நியாயமாகப் பார்த்தால் பாதித் தப்பு என்னுடையது. மெயின் போர்டிலிருந்து கொட்டகைக்கு முப்பது மீட்டர், அதற்கு நான் இழுத்திருந்தது 1.5 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) வயர். போக வர அறுபது மீட்டரில் 20 ஆம்பியர் ஓடினால் வயரே 14 வோல்ட்டுக்கு மேல் தின்றுவிடும். 4 ஸ்கொயர் மாற்றினேன், அது ஐந்தரை வோல்ட்டாகக் குறைந்தது. வித்தியாசம் கையில் தெரிந்தது. ஆனாலும் பெட்டியில் "குறைந்த வோல்டேஜிலும் இயங்கும்" என்று அச்சடித்திருக்கிறார்களே. இயங்குகிறது, இல்லை என்று சொல்லவில்லை. லாந்தரும்தான் குறைந்த எண்ணெயில் எரியும்.

உலையில் இந்த வம்பே கிடையாது. எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர், ஆசாரி, எழுபது தாண்டியவர், மாதத்தில் இரண்டு நாள் வந்து உட்காருவார். லாரி ஸ்பிரிங் பட்டையில் அரிவாள் அடிப்பார். நான் சம்மட்டி போடுவேன். வந்ததும் முதல் வேலையாக எல்.இ.டி. பல்பை அணைக்கச் சொல்வார். வெளிச்சத்தில் இரும்பின் நிறம் தெரியாது. இருட்டில் அது செக்கச்செவேல் என்று இருக்கிறதா, மஞ்சளாகத் திரும்பிவிட்டதா என்று பார்த்துத்தான் அடி. எண்ணெயில் தோய்த்து எடுத்து, அரிவாளின் வெட்டு வாயைக் கல்லில் தேய்த்துப் பளபளப்பாக்கி, மறுபடி முதுகுப் பக்கமாகச் சூடு காட்டுவார். வாயில் வைக்கோல் நிறம் ஓடி வரும். அது தேன் நிறமாகிற நேரத்தில் சட்டென்று எடுத்துவிடுவார். நீலம் வந்தால் அரிவாள் மழுங்கல் என்பார். ஒரு நாள் என் மெஷினைப் பார்த்து, "அந்த நம்பர் எதுக்கு தம்பி, இரும்பு உருகுறது கண்ணுக்குத் தெரியலையா?" என்றார். கண்ணாடிக்குள் தெரியத்தான் செய்கிறது. நான்தான் எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கறுப்பு இன்சுலேஷன் டேப்பை ஒட்டி அந்த எண்ணை மறைத்துவிட்டேன். பழைய இரும்புத் துண்டில் ஒரு ராடு எரித்துப் பார்த்து, உருகிய குழம்பு இரும்புக்குள் இறங்குகிறதா என்று கவனித்து, அதற்கேற்பக் குமிழைத் திருகுகிறேன். சிங்கப்பூரில் செய்ததும் இதைத்தான். ஊருக்கு வந்து சிவப்பு எழுத்தைப் பார்த்ததும் மறந்துவிட்டது.

ரிப்பேர் வேறு கதை. மெக்கானிக் மூடியைத் திறந்து என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். போர்டின் மேல் நெல் சுணை, அதன் மேல் கிரைண்டர் இரும்புத்தூள், நடுவில் கருகிய பல்லி. உள்ளே இருக்கிற ஃபேன் எல்லாவற்றையும் இழுத்துப் போட்டிருக்கிறது. பக்கத்திலேயே வைத்துக் கிரைண்டர் ஓட்டியது என் புத்தி. பல்லி நுழைகிற அளவுக்குச் சந்து விட்டது கம்பெனிக்காரன் புத்தி. 1,800 ரூபாய். அறுவடை முடிந்ததும் ஒருமுறை மூடியைக் கழற்றி ஊதிவிட்டால் போதும் என்றார். கரண்டைப் பிடுங்கிவிட்டு உடனே திறக்கக் கூடாது, உள்ளே கெப்பாசிட்டரில் சார்ஜ் நிற்கும், கொஞ்ச நேரம் விட வேண்டும் என்றும் சொன்னார்.

ஆக, மச்சினா, வாங்காதே. விலை குறைந்தது என்பதற்காகப் பொய் சொல்கிற பெட்டிக்குக் காசு கொடுக்காதே. உங்கள் ஊர் லைன் எங்கள் லைனைவிட மோசம். அவ்வளவு ஆசையாக இருந்தால் முதலில் வயரை மாற்று, டிசி கிளாம்ப் மீட்டர் வாங்கு, மிச்சக் காசு இருந்தால் அப்புறம் பார்க்கலாம். என்னுடையதை இரவல் கேட்காதே, தரமாட்டேன். இது இல்லாமல் எனக்கு ஒரு வாரம் ஓடவில்லை, இந்த ரிப்பேரில் தெரிந்துகொண்டேன். சம்பாவுக்கு முன்னால் கேஜ் வீலில் வேலை இருந்தால் இங்கே தூக்கிக்கொண்டு வா. காலையிலேயே வந்துவிடு. சாயங்காலம் வந்தால் பன்னிரண்டு கேஜ்தான்.