டாங்கிள்வுட்: மாணவர்கள் வாசிக்கும் நாளில் போய்ப் பாருங்கள்

பாஸ்டன் பக்கம் இருப்பவர்கள் கோடையில் டாங்கிள்வுட் போய்வந்தேன் என்றால், புல்வெளியில் பாய் விரித்துச் சாய்ந்தபடி கேட்டதைத்தான் சொல்வார்கள். நாங்களும் மூன்று வருடம் புளிசாதமும் ஃபிளாஸ்க்கில் காபியுமாக அப்படித்தான் போய்வந்தோம். நன்றாகத்தான் இருக்கும். ஆனால் இந்த ஜூலையில் முதல்முறையாக அங்குள்ள இசைப் பள்ளி மாணவர்களின் கச்சேரிக்குப் போனோம், இத்தனை நாள் இதைக் கேட்காமல் விட்டோமே என்று ஆகிவிட்டது.

தெரியாதவர்களுக்கு: பாஸ்டன் சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ரா கோடையில் இடம்பெயர்ந்து வாசிக்கும் வளாகம் இது. மாசசூசெட்ஸின் மேற்கில், பெர்க்‌ஷயர் மலைப்பகுதியில், லெனக்ஸ் அருகே. பாஸ்டனிலிருந்து காரில் இரண்டரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். பெரிய அரங்குக்குப் பெயரே ‘ஷெட்’, அதாவது கொட்டகை. 1937இல் ஒரு கச்சேரி இடிமழையில் மாட்டிக்கொள்ள, அன்றைக்கே நிதி திரட்டத் தொடங்கி அடுத்த வருடமே இதைக் கட்டிவிட்டார்கள். முதலில் வரைபடம் போட்டவர் எலியல் சாரினன். இந்தப் பணத்துக்கு வெறும் கொட்டகைதான் கட்ட முடியும் என்று அவர் சொல்லிவிட்டார், கடைசியில் கட்டியதும் அதுதான். பக்கச் சுவர் கிடையாது, சுமார் 5,000 பேர் உட்காரலாம், மீதிப் பேர் வெளியே புல்லில்.

பள்ளி ஆரம்பித்தது 1940இல், ஆரம்பித்தவர் அப்போது ஆர்க்கெஸ்ட்ராவின் நடத்துநராக (முன்னால் நின்று கையசைத்து வாசிப்பை வழிநடத்துபவர்) இருந்த செர்கே குஸெவிட்ஸ்கி. முதல் வருட மாணவர்களில் ஒருவர், பின்னாளில் பெரிய நடத்துநராகப் பெயர் எடுத்த லெனர்ட் பெர்ன்ஸ்டைன். அதே மனிதர் ஐம்பது வருடம் கழித்து, 1990 ஆகஸ்ட் 19 அன்று, தன் கடைசிக் கச்சேரியை நடத்தியதும் இந்தக் கொட்டகையில்தான். தேர்வாகி வரும் இளம் கலைஞர்களிடம் பயிற்சிக் கட்டணம் வாங்குவதில்லை. எனக்கு இந்த இடத்தின் மேல் மரியாதை கூடியதற்கு இதுவே முதல் காரணம்.

மாணவர்கள் வாசித்தது ஓசாவா ஹாலில். 1994இல் திறந்தது, சுமார் 1,200 இருக்கைதான். அரங்குக்குப் பெயர் தந்த செய்ஜி ஓசாவாவும் 1960இல் இங்கே மாணவராக வந்தவர், பிறகு 29 வருடம் பாஸ்டன் ஆர்க்கெஸ்ட்ராவை நடத்தியவர். உள்ளே எங்கு பார்த்தாலும் மரம், பின்பக்கத்தை அப்படியே திறந்துவிட்டால் வெளியே புல்லில் இருப்பவர்களுக்கும் மேடை தெரியும். ஒலி பற்றி என்ன சொல்ல? பெரிய வயலின் மாதிரி இருக்கும் செல்லோவை மெதுவாக வாசித்தால்கூட நாற்காலியில் அதிர்வது போல இருந்தது.

அன்று வாசித்தது ஜெர்மன் இசையமைப்பாளர் பிராம்ஸின் ஒரு சிம்பொனி. நாங்கள் ஓரமாக மூன்றாவது வரிசை. செல்லோக்காரர்களில் பின்னால் உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணின் வில்லில் கட்டியிருக்கும் குதிரைமுடியில் ஒன்று அறுந்து தொங்க ஆரம்பித்தது. வாசித்துக்கொண்டே இருக்கிறாள், அது காற்றில் ஆடுகிறது, இரண்டு எண்ணிக்கை ஓய்வு வந்ததும் சட்டென்று பிய்த்துக் காலடியில் போட்டுவிட்டு, பக்கத்தில் இருந்தவரோடு ஒரே மூச்சில் மறுபடி சேர்ந்துகொண்டாள். கண் நடத்துநரை விட்டு விலகவே இல்லை. தேர்ந்த ஆர்க்கெஸ்ட்ராக்கள் இதே சிம்பொனியை எத்தனையோ முறை வாசித்திருப்பார்கள், இந்தப் பிள்ளைகளில் சிலருக்கு அது முதல் தடவையாக இருந்திருக்கலாம். முடிந்ததும் மேடையிலேயே ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டார்கள். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

அப்புறம், சில விஷயங்கள். கொட்டகைப் புல்வெளியில் பெரும்பாலும் மேடை தெரியாது, ஒலிபெருக்கி வழியாகத்தான் கேட்கும். பேசிச் சாப்பிட்டு நட்சத்திரம் பார்க்க அருமை, வாசிப்பைக் கவனிக்க வேண்டுமானால் உள்ளே டிக்கெட் எடுங்கள். ஜூலையானாலும் ராத்திரி குளிரும், ஸ்வெட்டர் கட்டாயம். சனிக்கிழமை காலையில் ஞாயிறு கச்சேரிக்கான ஒத்திகையைப் பொதுமக்களும் உட்கார்ந்து கேட்கலாம். நான்கே சுரத்தை நடத்துநர் நிறுத்தி நிறுத்தி வாசிக்கச் சொல்வதைப் பார்த்தால் குழந்தைகளுக்கும் புரியும். வயலின் கற்கும் பிள்ளை வீட்டில் இருந்தால் இதற்கே அழைத்துப் போங்கள்.

கோடை முடிவில் பீத்தோவனின் ஒன்பதாவது சிம்பொனிக்கு எல்லோரும் வருவார்கள், கூட்டம் பிதுங்கும். நாங்கள் அதற்கு முன்பே ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மாணவர்களின் அறையிசைக் (சிலரே சேர்ந்து வாசிக்கும் சிறு குழு இசை) கச்சேரிக்கு டிக்கெட் எடுத்துவிட்டோம். பத்து மணிக்கு ஆரம்பம், விடியற்காலையிலேயே கிளம்ப வேண்டும்.