புது பிரேக் பேட் கீச்சிட்டால்: ஓட்டிப் பழக்குவதா, கழற்றிப் பூட்டுவதா, பேட்டையே மாற்றுவதா?

பேட் மாற்றிய முதல் வாரத்திலேயே பிரேக் கீச்சிட்டால், பேட் மட்டம் என்று முடிவுகட்டி வேறு கம்பெனி பேட் தேடுகிறவர்கள்தான் அதிகம். இருக்கிற வழிகளில் செலவு கூடியதும் பலன் நிச்சயமில்லாததும் அதுதான். கீச்சுச் சத்தம் என்பது அதிர்வு. சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கை அழுத்தும் பேட் நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை ஒட்டி, விடுபட்டு, மறுபடி ஒட்டுகிறது. புது பேடின் முகம் டிஸ்க்கின் தேய்மானத்துக்கு ஏற்ப இன்னும் படியாததால் அங்கங்கே மட்டும் தொடும். பேடைத் தாங்கி டிஸ்க்கில் அழுத்தும் கேலிப்பருக்குள் பேட் ஆட்டமும் கண்டால் அந்த நடுக்கம் காதில் விழும் அளவுக்கு வளர்ந்துவிடும்.

முதலில் சத்தம் எப்போது வருகிறது என்று பாருங்கள். காலையில் முதல் இரண்டு மூன்று பிரேக்கோடு நின்றுவிட்டால் அது டிஸ்க்கில் இரவு ஈரத்தால் படிந்த துரு, விட்டுவிடலாம். பெடலைத் தொடாமலே ஓட்டத்தில் வந்தால், தேய்மானத்தை அறிவிக்கும் சிறு தகடோ, டிஸ்க்குக்குப் பின்னாலுள்ள தகர மறைப்போ வளைந்து உரசலாம். பேட் சிக்கிக்கொண்டும் இருக்கலாம். பெடலை மிதிக்கும்போது மட்டும் கீச்சு என்றால் கீழே உள்ள வழிகளுக்கு வரலாம்.

ஓட்டிப் பழக்குவது

காசு செலவில்லை, ஆகவே முதலில் இதுதான். காலிச் சாலையில் 50 கி.மீ. வேகத்திலிருந்து 10 கி.மீ. வரை மிதமாக மிதித்துக் குறையுங்கள். மறுபடி வேகமெடுத்து அரை நிமிடம் விட்டு அடுத்தது. 8 முதல் 10 முறை போதும். வண்டியை முழுசாக நிறுத்தக் கூடாது: சூடான பேட் ஒரே இடத்தில் அழுந்தி நின்றால் அங்கே மட்டும் படிவு தடித்து, பிறகு பெடல் துடிக்கும். கடைசியில் 10 நிமிடம் பிரேக்கைத் தொடாமல் ஓட்டி ஆறவிடுங்கள். பேட் பெட்டியில் வேறு கணக்கு இருந்தால் அதையே பின்பற்றுங்கள். டிஸ்க் மேல் பேட் பொருளின் மெல்லிய, சீரான படலம் உண்டாவதுதான் இதன் பலன். 300 கி.மீ. ஓடியும் சத்தம் குறையாவிட்டால் இனியும் காத்திருக்க வேண்டாம்.

கழற்றிச் சரியாகப் பூட்டுவது

பெரும்பாலான கீச்சு தீர்வது இங்கேதான். அவசரமாக பேட் மாற்றும்போது விடுபடுகிறவை கிளிப், ஷிம் என்ற மெல்லிய தகடு, கிரீஸ். ஜாக்கை மட்டும் நம்பாமல் வண்டியை ஸ்டாண்டில் நிறுத்துங்கள். கேலிப்பரைக் கம்பியால் கட்டி வையுங்கள், பிரேக் ஹோஸில் தொங்கக் கூடாது. பேடின் காதுகள் (இரு முனையிலும் நீட்டியிருக்கும் பகுதி) உட்காரும் எஃகுக் கிளிப்புகளை எடுத்தால் அடியில் துரு மேடிட்டிருக்கும். வயர் பிரஷ்ஷால் உலோகம் தெரியும்வரை தேயுங்கள். அந்தத் துரு கிளிப்பைத் தூக்கி பேடை இறுக்கிவிடும். தளர்ந்த பழைய கிளிப்போ பேடை ஆடவிடும். கையால் தள்ளினால் பேட் வழுக்கிப் போக வேண்டும், லொடலொடக்கக் கூடாது.

பேடின் முதுகில் வரும் ஷிம், ஜால்ராவின் விளிம்பில் விரல் பட்டதும் ஓசை அடங்குவதுபோல் அதிர்வை அடக்குகிறது. பழைய பேடோடு அதையும் தூக்கிப் போட்டுவிட்டு, ஷிம் இல்லாத புது பேடை மாட்டிவிடுவது அடிக்கடி நடக்கும் கோளாறு.

அதிக வெப்பம் தாங்கும் பிரேக் கிரீஸ் பேடுக்கு ஒரு பட்டாணி அளவு போதும்: காதுகளில், பேடைத் தள்ளும் பிஸ்டன் தொடும் இடத்தில், கேலிப்பரின் விரல்கள் அழுத்தும் முதுகில். கேலிப்பர் வழுக்கி நகரும் ஸ்லைடு பின்னுக்கு சிலிகான் கிரீஸ் போடுங்கள். சாதாரண வீல் கிரீஸ் அங்கிருக்கும் ரப்பரை உப்ப வைத்துப் பின்னை இறுக்கிவிடும். பேடின் உரசும் முகத்தில் கிரீஸ் ஊறிவிட்டால் அந்த பேட் குப்பைக்குத்தான். சத்தம் போக அங்கே எண்ணெய் அடிக்கச் சொல்லும் யோசனை உயிருக்கே ஆபத்து. பூட்டி முடித்ததும், பெடல் கெட்டிப்படும்வரை மிதித்த பிறகே வண்டியை நகர்த்த வேண்டும்.

விளிம்பு சீவுவது

கழற்றிய கையோடு செய்யலாம். டிஸ்க் பேடுக்குள் நுழையும் முனையும் வெளியேறும் முனையும் கூராக இருந்தால் அரத்தால் 45 டிகிரி சாய்வில் சுமார் 3 மி.மீ. சீவுங்கள். சரிவோடு வந்த பேடுக்கு இது வீண் வேலை. பேட் முகம் பளபளத்திருந்தால் 120 எண் எமரி தாளில் லேசாகத் தேயுங்கள். முகமூடி அவசியம், தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள்.

வேறு பேட்

மேலே சொன்னது எல்லாம் செய்த பிறகும் கீச்சு நின்றபாடில்லை என்றால் மட்டும். உலோகத் துகள் கலந்த செமி மெட்டாலிக் பேட் வெப்பம் நன்றாகத் தாங்கும், சத்தம் கூடுதல். ஆர்கானிக் அமைதியானது, ஆனால் சீக்கிரம் தேயும், மலை இறக்கத்தில் சூடேறினால் பிடி தளரும். செராமிக் அமைதி, தூசியும் குறைவு, விலை அதிகம். அன்றாட ஓட்டத்துக்கு செமி மெட்டாலிக்கிலிருந்து செராமிக்குக்கு மாறுவதில் அர்த்தம் உண்டு. சுமையோடு மலையேறும் வண்டிக்கு அமைதியைவிடப் பிடிதான் முக்கியம். எதை மாட்டினாலும் டிஸ்க்கிலுள்ள பழைய படலத்தை எமரியால் எடுத்து, பிரேக் கிளீனரால் துடைத்து, மறுபடி பழக்க வேண்டும்.

டிஸ்க்

ஆழமான கோடுகளோ விளிம்பில் மேடோ இருந்தால் எந்த பேடும் சரியாகப் படியாது. லேத்தில் கடையலாம், கடைந்த பிறகும் டிஸ்க்கில் பொறித்திருக்கும் குறைந்தபட்சத் தடிமனுக்கு மேல் இருந்தால் மட்டும். இல்லையென்றால் புதுசுதான், அச்சின் இரு பக்கமும் சேர்த்து. மாட்டுமுன் அதன் மேலுள்ள துருத்தடுப்பு எண்ணெயை பிரேக் கிளீனரால் கழுவிவிடுங்கள்.