10,000 ரூபாய்க் கொலுசு: எப்படிப் பணம் கட்டினால் எவ்வளவு?

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் 10,000 ரூபாய்க்கு வெள்ளிக் கொலுசு எடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம்.

வங்கிக் கணக்கிலிருந்து யுபிஐயில் அனுப்பினால் 10,000தான். 2020 ஜனவரியிலிருந்து கடைக்காரருக்கும் கட்டணமில்லை. ரூபே டெபிட் கார்டும் அப்படியே. கணக்கில் பிடித்த பணம் கடைக்குப் போய்ச் சேராவிட்டால் 5 நாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும். தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் வங்கி தர வேண்டும். 'பெண்டிங்' என்று காட்டும்போது பதறிப்போய் இன்னொரு முறை அனுப்பாதீர்கள்.

ரொக்கத்துக்குச் செலவே இல்லை என்பது பாதி உண்மை. சேலத்தில் பிற வங்கி ஏடிஎம் மாதம் 5 முறை இலவசம் (சென்னையில் 3தான்). பேலன்ஸ் பார்ப்பதும் அதில் ஒன்றாக எண்ணப்படும். அதற்குமேல் 23 ரூபாய் வரை, ஜிஎஸ்டியோடு 27.14. ஐந்நூறு ரூபாய் எடுக்க இதைக் கொடுத்தால் 5 சதவீதத்துக்கு மேல் போயிற்று. "பில் வேண்டாம்னா குறைச்சுக்கலாம்" என்பார்கள். குறைவது 3% ஜிஎஸ்டி, சுமார் 300 ரூபாய். நாளைக்குத் தரத்தில் சந்தேகம் வந்தால் காட்டக் கையில் ஒன்றும் இருக்காது. இதை மிச்சம் என்று சொல்ல மாட்டோம்.

கிரெடிட் கார்டில்தான் கவனம் வேண்டும். சில கடைகளில் 2% கூடுதலாகக் கேட்பார்கள்: 200 ரூபாய். தேய்க்கும் முன்பே கேட்டுவிடுங்கள். கெடுவுக்குள் முழுத்தொகையும் கட்டினால் வட்டி இல்லை. வாங்கிய தேதியைப் பொறுத்து ஒரு மாதத்துக்கு மேல்கூடச் சும்மா கிடைக்கும் கடன். 'மினிமம் டியூ' (குறைந்தது கட்டியாக வேண்டிய தொகை) 500 மட்டும் கட்டினால்? மாதம் 3.5% வட்டி என்றால் 350, அதற்கு 18% ஜிஎஸ்டி 63, ஆக 413. நீங்கள் கட்டிய ஐந்நூறில் அசலுக்குப் போனது 87 ரூபாய்! வட்டியும் கெடு தேதியிலிருந்து அல்ல, வாங்கிய நாளிலிருந்தே ஓடும். பாக்கி இருக்கும்வரை லீ பஜாரில் தேய்க்கும் மளிகைக்கும் முதல் நாளிலிருந்தே வட்டி.

நகை பில்லை வங்கிகள் பொதுவாக ஈஎம்ஐயாக மாற்றித் தருவதில்லை. ஃப்ரிட்ஜ், செல்போனுக்கு வரும் 'நோ காஸ்ட் ஈஎம்ஐ'யில் வட்டியைத் தள்ளுபடியாகக் கழித்தாலும், அந்த வட்டி மீதான ஜிஎஸ்டியும் பிராசஸிங் கட்டணமும் உங்கள் தலையில்தான்.

ஏற்காட்டில் காப்பித்தூள், மிளகு வாங்க மட்டும் ரொக்கமே மேல். சிக்னல் விட்டு விட்டு வரும் இடத்தில் யுபிஐயை நம்பி நிற்க முடியாது. மலை ஏறும் முன் சேலத்திலேயே உங்கள் வங்கி ஏடிஎம்மில் எடுத்துக்கொள்ளுங்கள்.